காணொலிப் பாடங்களும் கற்றல் மரபும்: இப்னு கல்தூன் வழி ஒரு மதிப்பீடு

2018ஆம் ஆண்டு தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஒன்று, ஆறு, ஒன்பது, பதினொன்று ஆகிய வகுப்புகளுக்குப் புதிய பாடநூல்கள் வழங்கப்பட்டபோது, அவற்றின் பக்கங்களில் கியூஆர் குறியீடு என்னும் சிறு சதுரம் புதிதாக இடம்பெற்றிருந்தது. கைப்பேசியில் அதைப் படம்பிடித்தால் அப்பாடத்துக்குரிய காணொலி திரையில் விரியும். மறு ஆண்டு ஆகஸ்ட் 26 அன்று சென்னைக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கி வைக்கப்பட்டது. 2020 மார்ச்சில் பெருந்தொற்றின் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டபோது, இலட்சக்கணக்கான மாணவருக்கு வகுப்பறை என்பதே இந்தத் தொலைக்காட்சியும் கைப்பேசியும்தாம் என்றாயிற்று. பின்னர் 2023இல் மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் 'மணற்கேணி' என்னும் செயலியை வெளியிட்டது.

கணிதம், இயற்பியல், உயிரியல், வரலாறு, இலக்கணம் என எப்பாடமாயினும் சில நிமிடங்களில் விளக்கித்தரும் காணொலி இன்று மதுரையின் காஜிமார் தெருவிலும் கோரிப்பாளையத்திலும், மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி வட்டாரச் சிற்றூர்களிலும் ஒரே தரத்தில் கிடைக்கிறது. இதனை ஓர் அருட்கொடை எனப் போற்றுவோரும் உளர். படிப்பைக் கெடுக்க வந்த பொழுதுபோக்கு எனத் தள்ளுவோரும் உளர். இவ்விரு முடிவுகளும் அவசரமானவை. ஒரு கருவி நல்லதா தீயதா என்பதற்கு முன்னால், அது எவ்வகையான அறிவைத் தருகிறது, எவ்வகையான அறிவைத் தர இயலாததாக இருக்கிறது என்று கேட்பதே முறை. அக்கேள்விக்கு விடைகாண, ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்பே கல்வியில் சுருக்கத்தின் விளைவுகளை ஆராய்ந்த நம் மரபின் அறிஞர் ஒருவர் துணைவருகிறார் என்பதே இக்கட்டுரையின் மையக் கருத்தாகும்.

திரைவழிக் கல்வியின் முன்வரலாறு

திரையின் வழியே கற்பிப்பது நம் நாட்டுக்குப் புதியதன்று. 1975 ஆகஸ்ட் முதல் ஓராண்டுக் காலம், அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளின் உதவியுடன் ஆறு மாநிலங்களின் ஏறத்தாழ 2,400 கிராமங்களில் 'சைட்' எனப்பட்ட கல்வித் தொலைக்காட்சிச் சோதனை நடைபெற்றது. தமிழ்நாடு அவ்வாறில் ஒன்றன்று. 1984இல் பல்கலைக்கழக மானியக் குழு 'நாடு தழுவிய வகுப்பறை' என்னும் நிகழ்ச்சியைத் தூர்தர்ஷனில் தொடங்கியது. அத்தகைய நிகழ்ச்சிகளை உருவாக்குவதற்கென்று பல்கலைக்கழகங்களில் நிறுவப்பட்ட மையங்களுள் ஒன்று மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் அமைந்தது. ஆகவே, வைகைக் கரையில் கல்விக் காணொலிக்கு ஒரு தலைமுறைக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு.

அக்காலத்து முயற்சிகளுக்கும் இக்காலத்தவற்றுக்கும் இடையே ஒரு வேறுபாடு கருதத்தக்கது. அன்று ஊர்ப் பொதுவிடத்தில் ஒரு பெட்டி. அதன் முன் பலர் கூடியிருந்தனர். குறித்த நேரத்தில் நிகழ்ச்சி வந்தது. முடிந்ததும் கூடியிருந்தோர் தமக்குள் பேசிக்கொள்ள இடமிருந்தது. இன்று ஒவ்வொருவர் கையிலும் ஒரு திரை. நேர வரையறை இல்லை. பாடம் முடிந்ததும் அடுத்த காணொலி தானே தொடங்கிவிடுகிறது. முன்னையதில் குறையாக இருந்தது வசதி. பின்னையதில் குறைந்திருப்பது உரையாடல்.

மறுக்கவியலா நன்மைகள்

குறைகூறும் முன் நிறைகளை ஒப்புக்கொள்வதே நடுநிலை. இயற்பியலுக்கோ கணிதத்துக்கோ தகுந்த ஆசிரியர் வாய்க்காத பள்ளியின் மாணவனுக்கு, அப்பாடத்தைத் தெளிவாக எடுத்துரைக்கும் ஆசிரியர் ஒருவரைத் தமிழிலேயே கேட்கும் வாய்ப்பு முன்பு இருந்ததில்லை. இதயத்தின் அறைகளுக்குள் குருதி பாயும் வழி, கோள்களின் சுழற்சி, அணுக்களின் பிணைப்பு போன்ற அசைவுள்ள பொருள்களை அசைவற்ற படத்தைவிட அசையும் படமே நன்கு காட்டும். எல்லாவற்றிலும் மேலாக, காணொலி கடிந்துகொள்வதில்லை. வகுப்பில் இரண்டாம் முறை கேட்க நாணி வாய்மூடியிருக்கும் மாணவி, வீட்டில் அதே விளக்கத்தைப் பத்துமுறை ஓடவிட்டுக் கேட்கலாம். பெற்றோர் எழுத்தறியாத வீடுகளில் இந்நன்மையின் அளவு பெரிது.

இவ்வகைக் காணொலிகளை உலகறியச் செய்த கான் அகாடமியின் தோற்றமே இதற்குச் சான்று. வங்காள வம்சாவளியில் அமெரிக்காவில் பிறந்த சல்மான் கான், 2004இல் தொலைவில் வாழ்ந்த தம் உறவுக்காரச் சிறுமிக்குத் தொலைபேசி வழியாகக் கணிதம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். கேட்போர் பெருகவே, 2006 முதல் விளக்கங்களைப் பதிவுசெய்து யூடியூபில் ஏற்றினார். நேரில் கேட்பதைவிடப் பதிவைக் கேட்பதே தம் உறவினருக்கு வசதியாக இருந்தது எனப் பின்னாளில் அவரே கூறியிருக்கிறார். 2008இல் அது ஓர் அறக்கட்டளை நிறுவனமாயிற்று.

ஆயினும், இவ்வரலாற்றில் பலர் கவனிக்கத் தவறும் ஒரு கூறு உண்டு. கானின் பணி காணொலியில் தொடங்கவில்லை. ஒரு மாணவியோடு நடத்திய நேர்ப் பாடத்தில் தொடங்கிற்று. காணொலியோடு அது நிற்கவும் இல்லை. தம் உறவினர் பயிற்சி செய்வதற்கென வினாக்களைத் தரும் மென்பொருளையும் அவர் எழுதினார். முன்னே ஒரு மாணவி, பின்னே ஒரு பயிற்சி, இடையே ஒரு காணொலி. அவரைப் பின்பற்றிய பலர் இடையிலிருந்ததை மட்டும் எடுத்துக்கொண்டனர்.

சுருக்கத்தைப் பற்றி இப்னு கல்தூன்

ஹிஜ்ரி 779இல் (கி.பி. 1377) 'முகத்திமா'வை எழுதி முடித்த இப்னு கல்தூன் (ரஹ்) அவர்கள், அந்நூலின் ஆறாம் பகுதியில் கல்வியைப் பற்றி விரிவாக ஆராய்கிறார். அவர் காலத்தில் பெருநூல்களின் சாரத்தைச் சில பக்கங்களில் அடக்கித்தரும் 'முக்தஸர்' என்னும் சுருக்க நூல்கள் பெருகியிருந்தன. மாணவரின் சுமையைக் குறைப்பதே அவற்றின் நோக்கம். ஆனால், இத்தகைய சுருக்கங்கள் கற்பித்தலுக்குக் கேடு விளைவிக்கின்றன என்று அதற்கெனத் தனி இயல் ஒன்றையே அவர் எழுதினார். அவர் காட்டும் காரணம் ஆழ்ந்த பொருளுடையது. ஒரு துறையின் முடிவுகளை, அவற்றை ஏற்கும் பக்குவம் பெறாத தொடக்கநிலை மாணவனிடம் சுருக்கம் முதலிலேயே கொடுத்துவிடுகிறது. இறுதியில் வரவேண்டியது தொடக்கத்தில் வந்துவிடுவதால், மாணவன் முடிவை அறிவானேயன்றி அம்முடிவுக்குச் செல்லும் வழியை அறியமாட்டான். அவ்வாறு பெறும் தேர்ச்சி, விரிவான நூல்களில் உழன்று பெறும் தேர்ச்சியைவிடத் தாழ்ந்தது என்பது அவர் துணிபு.

இங்கு 'தேர்ச்சி' என்று குறித்தது 'மலகா' என்னும் அரபுச் சொல்லை. தகவலை மனத்தில் இருத்துவது மலகா அன்று. திரும்பத்திரும்பச் செய்வதால் உள்ளத்தில் ஊன்றிவிட்ட திறனே மலகா. தச்சனுக்கு உளி கைவருவதுபோல் ஒரு துறை மாணவனுக்குக் கைவருதலையே அவர் கல்வி என்கிறார்.

அத்திறன் கைவருவதற்கு அவர் வகுக்கும் முறை மூன்று சுற்றுகளைக் கொண்டது. முதற்சுற்றில் துறையின் அடிப்படைச் செய்திகள் பொதுவாக விளக்கப்படும். இரண்டாம் சுற்றில் அதே துறை மீண்டும் தொடங்கி, விரிவுரையுடனும் கருத்து வேறுபாடுகளுடனும் கற்பிக்கப்படும். மூன்றாம் சுற்றில் கடினமானதும் மயக்கமானதும் ஒன்றும் எஞ்சாதபடி தீர்க்கப்படும். பாடங்களுக்கிடையே நீண்ட இடைவெளி கூடாது. இரண்டு துறைகளை ஒரே வேளையில் கலந்து கற்பிக்கலாகாது என்பனவும் அவர்தம் அறிவுரைகள்.

இவ்வளவுகோலை நம் காணொலிகளின்மேல் வைத்துப் பார்ப்போம். ஐந்து நிமிடக் காணொலி முதற்சுற்றின் பணியைச் செம்மையாகச் செய்கிறது. சில வேளை வகுப்பறை ஆசிரியரைவிடவும் நன்றாகச் செய்கிறது. ஆனால், இரண்டாம், மூன்றாம் சுற்றுகளுக்கு அதனிடத்தில் இடமில்லை. ஒளிச்சேர்க்கை புரியாத மாணவன் இன்னொரு காணொலியைத் தேடினால், பெரும்பாலும் அவனுக்குக் கிடைப்பது அடுத்த சுற்று அன்று. அதே முதற்சுற்று, வேறொரு குரலில். மேலும், ஒளிச்சேர்க்கைக்கு அடுத்து முதலாம் உலகப்போர், அதற்கடுத்து முக்கோணவியல், அதற்கடுத்து ஒரு கிரிக்கெட் ஆட்டத்தின் துணுக்கு எனத் திரை தானே ஓடும்போது, துறைகளைக் கலவாதிருத்தல் என்னும் அறிவுரையின் நேர் எதிர்ப்பக்கத்தில் நாம் நிற்கிறோம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும் 'இஹ்யா'வின் முதற்பகுதியாகிய கல்வி நூலில், மாணவன் எல்லாத் துறைகளிலும் ஒருசேர மூழ்காமல் வரிசையைப் பேணி, முதன்மையானதிலிருந்து தொடங்கவேண்டும் என்பதை அவனுடைய கடமைகளுள் ஒன்றாக வைத்தார்கள். பாடத்திட்டத்துக்கு வரிசை உண்டு. செயலிக்குள்ளும் வரிசை உண்டு. பொதுத் தளத்தில் உலவும் காணொலிக்கு வரிசை இல்லை. அங்கு வரிசையை அமைப்பது கற்றவர் எவருமல்லர், பார்வையாளரைத் திரையிலேயே இருத்திவைக்க விரும்பும் கணக்கீடு.

புரிந்துவிட்டது என்னும் மயக்கம்

தற்கால உளவியல் ஆய்வுகள் இதே இடத்துக்கு வேறு வழியில் வந்து சேர்கின்றன. 2013இல் அமெரிக்க ஆய்வாளர் ஷானா கார்ப்பென்டரும் அவர்தம் குழுவினரும், ஏறத்தாழ ஒரு நிமிடம் ஓடும் அறிவியல் காணொலியை இருவகையில் எடுத்து மாணவர்க்குக் காட்டினர். ஒன்றில் ஆசிரியர் நிமிர்ந்து நின்று தங்குதடையின்றிப் பேசினார்; மற்றதில் அதே செய்தியைக் குறிப்பைப் பார்த்துத் தயங்கித்தயங்கிச் சொன்னார். சரளமாகப் பேசியவரைக் கேட்டோர் தாம் மிகுதியாகக் கற்றதாகக் கருதினர். சோதித்தபோது இரு சாராரும் கற்றது ஏறத்தாழச் சமமாகவே இருந்தது. சரளம் கற்றலைக் கூட்டவில்லை. கற்றுவிட்டோம் என்னும் எண்ணத்தையே கூட்டிற்று.

சிட்னி பல்கலைக்கழகத்தில் 2008இல் முனைவர் பட்டம் பெற்ற டெரெக் முல்லர் இயற்பியல் காணொலிகளை ஆராய்ந்தார். தெளிவாக, பிழையின்றி விளக்கும் காணொலியைக் கண்ட மாணவர் அது எளிதாக இருந்ததெனப் பாராட்டினர். ஆனால், அவர்தம் அறிவு பெரிதும் உயரவில்லை. தாம் முன்பே கொண்டிருந்த தவறான கருத்தையே காணொலியும் சொல்வதாக அவர்கள் எண்ணிக்கொண்டனர். மாணவரிடையே வழங்கும் தவறான கருத்தை முதலில் ஒருவர் வாயால் சொல்லவைத்து, உரையாடலில் அதை மறுத்துச் சென்ற காணொலி குழப்பமாகத் தோன்றினாலும், அதைக் கண்டோர் மிகுதியாகக் கற்றனர். வினாவெழுப்பி, எதிர்க்கருத்தை வைத்து, அதனை மறுத்துப் பின் முடிவுரைக்கும் நம் பழைய நூல்களின் நடையை அறிந்தோர்க்கு இம்முடிவு வியப்பளிக்காது.

காணொலி ஆறு நிமிடத்தைத் தாண்டலாகாது என்று இத்துறையினர் அடிக்கடி சொல்வதுண்டு. அதன் மூலம் 2014இல் பிலிப் குவோ முதலியோர் எட்எக்ஸ் தளத்தில் 69 இலட்சம் பார்வை அமர்வுகளை ஆராய்ந்து எழுதிய கட்டுரை. அவ்வாய்வு அளந்தது மாணவர் எவ்வளவு நேரம் பார்த்தனர், அதன்பின் வினாக்களுக்கு விடையளிக்க முயன்றனரா என்பனவற்றையே. எவ்வளவு கற்றனர் என்பதை அன்று. கவனத்தின் எல்லையைக் குறித்த ஓர் எண்ணை அறிவின் எல்லையாகக் கொள்வது பெரும்பிழை. மாணவன் ஆறு நிமிடத்தில் சோர்கிறான் என்றால், ஆறாம் நிமிடத்தில் அவனிடம் ஒரு கேள்வி கேட்கப்படவேண்டும் என்பதே பொருள். பாடம் ஆறு நிமிடத்தில் முடிந்துவிடவேண்டும் என்பதன்று.

கேட்டலும் ஒப்புவித்தலும்

ஹதீஸ் கலை அறிஞர் அறிவு கைமாறும் வழிகளை வகைப்படுத்தியபோது, ஆசிரியர் சொல்ல மாணவர் கேட்பதை 'ஸமாஉ' என்றும், மாணவர் படித்துக்காட்ட ஆசிரியர் செவிமடுப்பதை 'கிராஅத்' அல்லது 'அர்ள்' என்றும் குறித்தனர். இரண்டும் ஏற்புடைய வழிகளே. ஆனால், ஆசிரியரின்றி ஏடுகளை மட்டும் பார்த்துக் கற்றவரை 'ஸஹஃபீ' என்று சுட்டி, அவரிடம் கல்வி பெறுவதை எச்சரித்தனர். எழுத்தின் மீதுள்ள வெறுப்பால் எழுந்த எச்சரிக்கை அன்று அது. நூல்களைப் பெருக்கியதில் அச்சமூகத்துக்கு நிகர் சிலவே. பிழையாகப் படித்தால் திருத்துவாரில்லை என்பதே அவர்தம் அச்சம். ஏடு தன்னைப் படிப்பவன் தவறாகப் படிப்பதை அறியாது. காணொலியும் அறியாது.

நம் ஊர் மக்தபில் ஓதும் பிள்ளையும் இதே முறையில்தான் கற்கிறது. முந்தைய நாள் ஸபக்கை ஹஜ்ரத்திடம் ஒப்புவிக்காமல் அடுத்த பாடம் கிடைப்பதில்லை. நாற்பது பிள்ளைகள் ஒரே வேளையில் உரக்க ஓதினாலும், ஒவ்வொருவரும் தனித்தனியே தம் பாடத்தைக் கொடுத்தே முன்னேறவேண்டும். மனப்பாடத்தோடு நின்றுவிடுதல் அம்முறையின் குறை என்போர் கூற்றில் உண்மை உண்டு. இப்னு கல்தூனே அக்குறையைச் சாடியவர். மொராக்கோவின் மதரஸாக்களில் மாணவர் பதினாறு ஆண்டுகள் தங்கியும், துனிஸில் ஐந்தே ஆண்டுகள் தங்குவோர் பெறும் தேர்ச்சியைப் பெறாததற்குக் காரணம் அங்குள்ள கற்பித்தல் முறையின் குறைபாடே என்றார் அவர். அவையில் வாய்திறவாது அமர்ந்து மனனம் செய்வோர்க்குத் தேர்ச்சி வாராது; அறிவுச் சிக்கல்களைப் பற்றி நாவாலே வாதித்து உரையாடுவதே தேர்ச்சிக்கு மிக எளிய வழி என்பது அவர் முடிவு. அந்த மொராக்கோ மாணவரும், இன்று திரையின் முன் மௌனமாக அமர்ந்திருக்கும் நம் பிள்ளைகளும் ஒரே நிலையினர். ஒருவர் ஏட்டின் முன் மௌனி. மற்றவர் திரையின் முன் மௌனி.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் இளமைக்கால நிகழ்ச்சி ஒன்று ஸுப்கீயின் நூலில் பதிவாகியுள்ளது. ஜுர்ஜானில் கற்றுத் திரும்பும் வழியில் கள்வர் அவர்தம் குறிப்பேடுகளையும் கவர்ந்து சென்றனர். அவற்றைத் திருப்பித் தருமாறு அவர் மன்றாடியபோது, நாங்கள் எடுத்துக்கொண்டதும் இல்லாமற்போகும் அறிவை நீ பெற்றதாக எப்படிச் சொல்வாய் எனக் கள்வர் தலைவன் நகைத்தான். அதன்பின் மூன்றாண்டுகள் முயன்று அக்குறிப்புகள் அனைத்தையும் அவர் உள்ளத்தில் பதித்துக்கொண்டார். கைப்பேசியில் சேமித்துவைத்த காணொலிகளையே கல்வியெனக் கருதும் தலைமுறைக்கு அக்கள்வனின் கேள்வி இன்றும் செல்லுபடியாகும்.

பெருந்தொற்று தந்த சான்று

மேற்கூறியன கோட்பாடு மட்டுமல்ல. 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் தமிழ்நாடு இதன் நேர்ச் சோதனைக்களமாக இருந்தது. 2021ஆம் ஆண்டின் ஏசர் அறிக்கை, நாட்டின் கிராமப்புற மாணவருள் 67.6 விழுக்காட்டினரின் வீடுகளில் திறன்பேசி இருந்ததாகக் கூறுகிறது. 2018இல் இது 36.5 விழுக்காடே. ஆனால், திறன்பேசி இருந்த வீடுகளிலும் 26.1 விழுக்காட்டுப் பிள்ளைகளுக்கு அதைப் பயன்படுத்தும் வாய்ப்புக் கிட்டவில்லை. கருவி வீட்டில் இருப்பது வேறு. பிள்ளையின் கையில் இருப்பது வேறு. ஒரே கைப்பேசியுள்ள வீட்டில் தந்தை அதனுடன் வேலைக்குச் சென்றுவிட்டால் பகலில் பாடம் இல்லை. மாலையில் அண்ணனும் தங்கையும் கேட்டால் முதலில் யாருக்குக் கிடைக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க இயன்ற மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 2018இல் 10.2 விழுக்காடாக இருந்து, 2022இல் 4.8 விழுக்காடாகக் குறைந்தனர் என்பதும் ஏசர் தரும் செய்தியே. இவ்வீழ்ச்சிக்குக் காரணம் காணொலிகள் அல்ல, பள்ளிகள் மூடப்பட்டதே. ஆயினும், மூடிய பள்ளியின் இடத்தைக் காணொலிகள் நிரப்பவில்லை என்பதும் தெளிவு.

பின்னர் நிகழ்ந்த மீட்சி இன்னும் தெளிவான பாடம் தருகிறது. 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கப்பட்டது. தன்னார்வலர், பெரும்பாலும் அந்தந்த ஊர்ப் பெண்கள், மாலை வேளைகளில் சிறுகுழுவாகப் பிள்ளைகளை அமர்த்திக் கற்பித்தனர். அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய பொருளியலாளர்கள் கிராமப்புறத் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 19,000 சிறுவரைத் தொடர்ந்து ஆராய்ந்தனர். பள்ளிகள் திறந்த ஆறு மாதங்களுக்குள் கற்றல் இழப்பில் மூன்றில் இரு பங்கு ஈடுசெய்யப்பட்டது. அம்மீட்சியில் 24 விழுக்காடு இல்லம் தேடிக் கல்வியால் விளைந்தது என்பது அவர்தம் கணிப்பு. பட்டம் பெற்ற வல்லுநரின் நேர்த்தியான பதிவு சாதிக்காததைப் பக்கத்துத் தெருப் பெண் சாதித்தார். அவரால் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடிந்தது. நீ சொல் எனக் கேட்க முடிந்தது.

செய்யத்தக்கன

அப்படியாயின் காணொலிகளை ஒதுக்கிவிடுவதா? அன்று. ஒப்புவித்தலுக்குரிய இடத்தை அவற்றின் அருகில் அமைப்பதே செய்யத்தக்கது. மதுரையில் அதற்கான வாய்ப்புகள் குறைவல்ல. பள்ளிவாசல்களையும் ஜமாஅத் மண்டபங்களையும் சார்ந்து, மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில், பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு திரையும் கல்லூரி மாணவர் ஒருவருமாக ஒரு வட்டத்தை அமைக்கப் பெரும்பொருள் தேவையில்லை. ஐந்து நிமிடம் காணொலி. பின் திரையை அணைத்துவிட்டுப் பதினைந்து நிமிடம் பிள்ளைகள் தம் சொந்தச் சொற்களில் விளக்குதல். பின் பாடநூலைத் திறத்தல். மறுநாள் அதே பொருளை மீண்டும் கேட்டபின்பே அடுத்தது. பெண்பிள்ளைகளுக்கும் இதே வட்டம், இதே நேரம், இதே உரிமையுடன் அமையவேண்டும். வீட்டுக் கைப்பேசி கிட்டாதவர்கள் அவர்களே.

அடுத்தது, திரையில் கண்டதை மண்ணில் காணச் செய்தல். 1895இல் கட்டி முடிக்கப்பட்ட பெரியாறு அணையைப் பற்றிய காணொலியைப் பார்த்த மேலூர் மாணவனிடம், மேற்கே பாயும் ஆற்றின் நீர் உன் ஊர்க் கால்வாய்க்கு வந்தது எப்படி எனக் கேட்டால், புவியியலும் வரலாறும் பொறியியலும் ஒரே வினாவில் இணையும். கீழடி அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறக்கப்பட்டது. மதுரையிலிருந்து ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவுதான். அதே ஆண்டு ஜூலையில் புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. ஒரு காணொலி ஒரு நூலுக்கும், ஒரு நூல் ஒரு கேள்விக்கும் இட்டுச்சென்றால், அதுவே இப்னு கல்தூன் சொன்ன இரண்டாம் சுற்று.

பெற்றோரும் ஒன்றை அறிந்துகொள்ளவேண்டும். காணொலிப் பாடங்களை விலைக்கு விற்று 2015 முதல் இந்திய வீடுகளில் பரவிய பைஜூஸ் நிறுவனம், 2024இல் திவால் நடவடிக்கைக்கு உள்ளாயிற்று. விளம்பரத்தின் ஒளியும் கட்டணத்தின் உயர்வும் கல்வியின் தரத்துக்கு அடையாளமாகா. பிள்ளை எத்தனை காணொலி பார்த்தது என்று கேட்பதை விட்டு, இன்று பார்த்ததை எனக்குச் சொல் என்று கேட்கும் தாய், எழுத்தறியாதவராயினும், அப்பிள்ளைக்கு நல்லாசிரியர் ஆகிவிடுகிறார்.

அரசுச் செயலிக்கு மணற்கேணி எனப் பெயரிட்டோர் திருக்குறளின் கல்வி அதிகாரத்திலுள்ள உவமையிலிருந்து அதை எடுத்தனர். வைகையின் வறண்ட மணற்பரப்பில் ஊற்றுத் தோண்டிய தலைமுறைகளுக்கு அவ்வுவமையை விளக்கவேண்டியதில்லை. அங்கு நீர் ஊறும் அளவைத் தீர்மானிப்பது தோண்டும் ஆழமே. தோண்டவேண்டியவர் நீர் வேண்டுவோரே. காணொலி தோண்டும் இடத்தைக் காட்டித்தரும். எவ்வளவு அழகாகக் காட்டினாலும், அதைப் பார்த்துக்கொண்டிருப்பதால் மணல் விலகாது. பிள்ளையின் கையில் மண்வெட்டியைக் கொடுத்து, தோண்டும்வரை பக்கத்தில் நிற்பது மனிதரின் வேலை. அவ்வேலையைத் திரையிடம் ஒப்படைத்துவிட்டு நாம் விலகிக்கொள்ளும் உரிமை நமக்கில்லை.